ஆடும் மாடியை அடக்க: பாடசாலை மேசையில் ஒரு மாதிரி

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு பொருளின் சொந்த ஆட்டத்தோடு வெளி அசைவு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகுவதுதான் பரிவு. அந்தப் பாடம் வந்தால் நெல்லு மில்லைத்தான் முதலில் எடுப்பேன். மோட்டரை நிறுத்திய பிறகு, வேகம் குறைந்து வரும் வழியில் ஓரிடத்தில் தகரக் கூரை முழுக்க நடுங்கி அடங்கும். மோட்டரின் சுழற்சி கூரையின் இயற்கை மீடிறனை, அதாவது கூரை தானாகச் செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுமோ அந்த எண்ணை, தொட்டுப் போகிற இடம் அது. காற்றில் உயர்ந்த கட்டடங்கள் ஆடுவதிலும் இதே பௌதிகம்தான். அந்த ஆட்டத்தை அடக்கும் தொகுதி எங்கள் ஒற்றைமாடி வீடுகளுக்குத் தேவையில்லை. அங்கே கூரையைச் சுவரோடு ஒழுங்காகப் பிணைத்தாலே பெரிய காரியம். ஆனால் நாளைக்கு அறிவியல் நகர் பொறியியற் பீடத்துக்குப் போகப்போகும் பிள்ளை இதைக் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள, 30 சென்ரிமீற்றர் உருக்கு அடிமட்டங்கள் இரண்டை நேருக்கு நேர் நிறுத்துங்கள். அடியில் பாரமான பலகை, மேலே சிறு பலகை. திருகாணியால் இறுக்குங்கள், அடி அசைந்தால் எல்லாம் வீண். 20 அலைவுக்கு 10 செக்கன் எடுக்கும்வரை மேலே நட்டுகளை ஏற்றுங்கள். மேல்பாரம் 250, 300 கிராம் அளவில் வரும். மீடிறன் இப்போது 2 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 2 அலைவு.

முதலில் மின்சாரமில்லாத வழி. 2 ஹேர்ட்ஸில் ஆடும் ஊசலின் நீளம் 6.2 சென்ரிமீற்றர். மேல்பாரத்தின் நூற்றுக்கு 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 9 கிராம் குண்டை மேற்பலகையின் கீழ் தொங்கவிடுங்கள். நூலை 6.6 ஆகக் கொஞ்சம் நீட்டினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். குண்டின் ஆட்டத்தை எதுவும் தின்னாவிட்டால், வாங்கிய சக்தியை அது கட்டடத்துக்கே திருப்பிக் கொடுக்கும். ஆகவே குண்டில் ஒட்டிய மட்டைத் துண்டு, மேற்பலகையோடு பிணைத்த ஒரு மூடித் தேங்காயெண்ணெயில் அளையட்டும். தாய்வானின் தாய்ப்பே 101 கோபுரத்தின் 660 தொன் குண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த ஊசல் ஒரு மீடிறனுக்கு மட்டுமே பொருந்தும். நாலு நட்டைக் கூட்டிப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். அறிவுள்ள கட்டுப்பாடு வேண்டியது அங்கேதான். டோக்கியோவின் கியோபாஷியில் 1989இல் 11 மாடிக் கட்டடம் ஒன்றில், உணரி சொல்கிறபடி மோட்டர் பாரத்தை நகர்த்தும் முறை வந்தது.

நமக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, ஆர்முடுகலை (வேகம் மாறும் வீதத்தை) அளக்கும் எம்.பி.யூ. 6050 உணரி, சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பும் எஸ்.ஜி. 90 சேர்வோ மோட்டர் போதும். உணரியையும், கை நுனியில் சிறு பாரம் பூட்டிய சேர்வோவையும் மேற்பலகையில் பொருத்தி, இவற்றின் நிறைக்கு ஏற்ப நட்டுகளைக் குறையுங்கள். மெல்லிய வயர்தான் பாவிக்க வேண்டும். தடித்த வயர் தானே ஆட்டத்தைப் பிடித்துப் பொய்யான பெறுபேறு தரும். செக்கனுக்கு 100 தடவை ஆர்முடுகலை வாசித்து, கூட்டிக்கூட்டி வேகத்தைப் பெறுங்கள். ஒவ்வொரு முறையும் பழைய பெறுமதியை 0.98ஆல் பெருக்கிவிட்டுக் கூட்டினால் வழு சேராது. மேற்தளம் எந்தப் பக்கம் விரைகிறதோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் சேர்வோவின் பாரம் இருக்க வேண்டும்.

உண்மையான எதிரி தாமதம். 2 ஹேர்ட்ஸில் ஓர் அலைவு 500 மில்லிசெக்கன். பாரம் அதில் காற்பங்கு, 125 மில்லிசெக்கன் பிந்தினால் தணிப்பே இல்லை. அதற்கு மேல் பிந்தினால் நீங்களே கட்டடத்தை ஆட்டுகிறீர்கள். ஆகவே சேர்வோவின் கையை 20 பாகைக்கு மேல் திருப்பாதீர்கள். கணினித் திரையில் எண்களை அச்சிடும் வரிகளையும் நீக்கிவிடுங்கள், அவையும் நேரம் தின்னும்.

இது ஓடிய பிறகு, 1965இல் கணினி அறிவியலாளர் லொட்ஃபி சாடே முன்வைத்த ஃபஸி முறைக்கு வாருங்கள். துல்லியமான எண்ணுக்குப் பதில் பெரிது, சிறிது போன்ற சொற்களால் முடிவெடுக்கும் முறை அது. "வேகம் வலப்பக்கம் பெரிது, இடப்பெயர்ச்சி சிறிது என்றால் பாரம் இடப்பக்கம் நன்றாக" என்று விதிகளைத் தமிழிலேயே எழுதலாம். வேகத்துக்கு மூன்று நிலை, இடப்பெயர்ச்சிக்கு மூன்று நிலை, ஆக 9 விதி. ஆட்டம் சிறிதென்றால் சேர்வோவைச் சும்மா விடும் விதி கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் உணரியின் இரைச்சலுக்கே அது துடிக்கும்.

மேற்பலகையை 2 சென்ரிமீற்றர் இழுத்து விட்டு, வீச்சம், அதாவது ஆட்டத்தின் அகலம், பாதியாக எத்தனை அலைவு என்று எண்ணுங்கள்: வெறும் கட்டடம், ஊசலோடு, சேர்வோவோடு. பிறகு ஆடிக்கொண்டிருக்கும்போதே பற்றரியைக் கழற்றுங்கள். பெரிய நிலநடுக்கத்தில் மின்சாரம் போய்விடக்கூடும். அதனால் சேர்வோ பூட்டிய பிறகும் அந்த எண்ணெய் ஊசலைக் கழற்றாமல் விடுங்கள்.