பெருக்கும் முன் ஒரு கேள்வி: சார்பற்ற, சார்ந்த நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு

இரண்டு நிகழ்ச்சிகளும் நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால் பெருக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். எதை எதால் பெருக்குவது என்பதில்தான் கணக்கு தடம் மாறுகிறது. அதனால் பேனாவை எடுக்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: முதலாவது நடந்துவிட்டது என்று தெரிந்தால் இரண்டாவதன் வாய்ப்பு மாறுமா? மாறாது என்றால் அவை சார்பற்ற நிகழ்ச்சிகள். மாறும் என்றால் சார்ந்த நிகழ்ச்சிகள்.

படி 1: தாயக்கட்டை

இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். கட்டை சீரானது என்று வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் விழவும் வாய்ப்பு 1/4. ஒரு கட்டை விழுவது இன்னொன்றைத் தொடாது. ஆகவே இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு கிடைக்க வாய்ப்பு:

1/4 × 1/4 = 1/16

தாயத்துக்கு ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் வேண்டும். எந்தக் கட்டையில் புள்ளி என்பதைப் பொறுத்து இது இரண்டு வழிகளில் நடக்கும்: 1/16 + 1/16 = 1/8. இரண்டாவது வழியைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ஏழு முறை உருட்டியும் தாயம் விழவில்லை. "இத்தனை நேரம் உழுகலையில்ல, இப்ப உழுந்தே ஆகோணும்" என்பார்கள். கட்டைக்கு அந்த ஏழும் தெரியாது. எட்டாவதுக்கும் அதே 1/8தான். ஆட்டம் தொடங்கும்போதே "எட்டு உருட்டலில் ஒன்றாவது தாயமாகுமா?" என்று கேட்பது வேறு கேள்வி. ஒருமுறைகூட விழாமல் போக 7/8ஐ எட்டு முறை பெருக்கினால் சுமார் 0.34. அதை 1இல் கழித்தால் 0.66. இரண்டு கேள்விகளையும் கலந்துவிடுவதால்தான் அந்த நம்பிக்கை இவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது.

படி 2: பனியன் கட்டு

திருப்பூரில் ஒரு செக்கிங் மேசை. 20 பீஸ் கொண்ட கட்டில் 4 டேமேஜ்: தையல் விட்டது, எண்ணெய்க் கறை பட்டது, இப்படி. பார்க்காமல் ஒன்றை உருவுகிறோம். அது டேமேஜாக இருக்க வாய்ப்பு 4/20. அதைத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுத்தால், மீதி 19 பீஸ், அதில் டேமேஜ் 3. இரண்டும் டேமேஜாக இருக்க:

4/20 × 3/19 = 12/380 = 3/95

முதலாவதை மடித்துத் திரும்பக் கட்டில் கலந்திருந்தால் இரண்டாவதும் 4/20, விடை 1/25. கட்டு அதேதான், எடுத்ததைத் திரும்ப வைத்தோமா என்பது மட்டுமே வித்தியாசம்.

சரி, மூன்று பீஸ் மட்டும் பார்த்துவிட்டு "கட்டு நல்லது" என்று அனுப்பினால்? மூன்றும் நல்லதாக வர:

16/20 × 15/19 × 14/18 = 28/57

ஏறக்குறைய 0.49. ஐந்தில் ஒரு பீஸ் டேமேஜான கட்டுகூட, கிட்டத்தட்ட பாதி நேரம் தேறிவிடும்! மூன்று பீஸ் பார்ப்பது போதாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு பெருக்கலே காரணம்.

படி 3: வரிசை இல்லாத சார்பு

சார்ந்த நிகழ்ச்சி என்றாலே ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும் என்றில்லை. ஜூலையில் ஒரு நாள் கோவையில் மழை, அதே நாள் பொள்ளாச்சியில் மழை. கோவை மழை பொள்ளாச்சி மழையை உண்டாக்குவதில்லை. ஆனால் இரண்டு ஊருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று பொது. ஓர் ஊரில் பெய்கிறது என்று தெரிந்தாலே மற்ற ஊரில் பெய்யும் வாய்ப்பு கூடும். எனவே இரண்டு ஊர்களின் தனித்தனி வாய்ப்புகளை அப்படியே பெருக்கினால் விடை குறைந்துபோகும். கோவையில் பெய்த நாட்களை மட்டும் எடுத்து, அவற்றில் எத்தனை நாள் பொள்ளாச்சியிலும் பெய்தது என்று எண்ணி, அந்த விகிதத்தைக் கோவையின் வாய்ப்போடு பெருக்குங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

அதே பனியன் கட்டில் நான்கு பீஸ் பார்த்தால், நான்கும் நல்லதாக வர வாய்ப்பு? முந்தைய 28/57ஐ 13/17ஆல் பெருக்குங்கள். 364/969, அதாவது சுமார் 0.38 வர வேண்டும்.