தோட்டத்துப் பறவைகளுக்குத் தண்ணீரும் தீனியும்: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனி உறையும் நாடுகளில் பறவைகளுக்குப் பஞ்சகாலம் டிசம்பரும் ஜனவரியும். குட்டைத் தண்ணீர் கல்லாக இறுகிவிடும், பூச்சி கண்ணில் படாது, பகல் சுருங்கி இரவு நீண்டுவிடும். அந்த நீண்ட இரவை ஒரு சிட்டு தன் உடம்பிலுள்ள கொழுப்பை எரித்துத்தான் கடக்க வேண்டும். அதனால்தான் அங்கே மாட்டுக் கொழுப்பில் தானியம் கலந்து உருட்டி மரத்தில் தொங்கவிடுகிறார்கள், தட்டில் உறைந்த பனியை உடைத்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுகிறார்கள். அங்கே அது உயிர் காக்கும் வேலை. அந்த யோசனைகளை வீடியோவில் பார்த்து அப்படியே தக்கலையிலும் தோவாளையிலும் செய்யும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

நமக்கு டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்திருக்கும். குளம் நிறைந்திருக்கும், வயலிலும் விளையிலும் பூச்சிக்குக் குறைவில்லை. தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் வந்து சேர்வதும் அந்தப் பருவத்தில்தான். அவற்றுக்கு ரொட்டித் துண்டு வீச வேண்டிய அவசியமே இல்லை. இங்கே பறவைகள் திணறுவது ஜனவரி கடைசியிலிருந்து கோடைமழை இறங்கும்வரை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் இலையுதிர்ந்து தோட்டமெல்லாம் வெட்டவெளியாக நிற்பதும் இதே நாட்களில்தான். ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி எனக் கிழக்கே போகப்போக மழை குறைவு, நிலம் சீக்கிரம் காயும். ஆகவே முதல் தவறு காலத்தைத் தவறவிடுவது. டிசம்பரில் ஆசையாகத் தொடங்கி பிப்ரவரியில் சட்டியைக் காயவிடுகிறவர்கள் அதிகம். இந்த மாவட்டத்தில் தீனியைவிடத் தண்ணீர்தான் பெரிய உதவி.

கொழுப்பு உருண்டை நமக்கு வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெயே 24 டிகிரிக்கு மேல் உருகி ஓடுகிற ஊர் இது. கொழுப்பும் இளகி இறகில் ஒட்டும். ஒட்டிய இறகு நனையாமல் காக்கும் தன்மையை இழந்துவிடும். மிச்சக் கொழுப்பு ஓரிரு நாளில் சிக்கு நாற்றம் அடிக்கும். உருண்டையைப் போட்டு விற்கும் நைலான் வலையில் கால்விரல் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

தண்ணீர்ப் பாத்திரம்

வாளி, பழைய சருவம், பிளாஸ்டிக் பேசின் என்று ஆழமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்தால் நிறையப் பறவை குடிக்கும் என்பது நினைப்பு. ஒரு கொண்டைக்குருவி பிளாஸ்டிக் பேசினுக்கு வருவதைக் கவனித்துப் பாருங்கள். விளிம்பில் உட்காரும், குனியும், நகம் வழுக்கும், உடனே இறக்கையடித்து எழும்பும். மறுபடி வரும், மறுபடி வழுக்கும். மூன்றாவது முறை வராமலே போய்விடும். அதன் கால் உயரமே சுமார் 2 சென்டிமீட்டர்தான். நான்கு விரல் ஆழம் அதற்குக் கிணறு.

30 முதல் 40 சென்டிமீட்டர் வாயகலம் கொண்ட, பூச்சில்லாத தட்டையான மண்சட்டி போதும். ஓரத்தில் 2.5 சென்டிமீட்டர், நடுவில் 5 சென்டிமீட்டர், அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். சொரசொரப்பான இரண்டு மூன்று கல்லை, தலை வெளியே தெரியும்படி போட்டு வையுங்கள். சிறு குருவிகள் கல்லில் நின்று குடிக்கும், தேனீயும் மூழ்காது. புதுச் சட்டியை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊற்றியதில் பாதியை அதுவே குடித்துவிடும். மண்சட்டியின் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிர்ந்திருக்கும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வெயிலில் இருந்தால் மத்தியானத்துக்குள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ரப்பர் பால் உறையவைக்கும் தட்டு வசதியான ஆழத்தில் இருப்பதால் அதைக் கழுவித் தண்ணீர் வைக்கிறார்கள். பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட் புழங்கிய தட்டு அது, வேண்டாம். போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைமருந்து கலக்கிய வாளி, பூச்சிமருந்து டப்பா, உர டப்பா எதுவும் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பருக்குத் தாமிர மருந்து அடிக்கிறார்கள் என்றால், அன்றைக்குச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் கழுவி ஊற்றுங்கள்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் மத்தியானம் முதலில் விழுவது வெந்நீர். அதைச் செடிக்கும் ஊற்றாமல் ஒரு வாளியில் பிடித்து ஆறவைத்து, பிறகு வரும் தண்ணீரைச் சட்டிக்கு எடுங்கள். தண்ணீரில் குளுக்கோஸ், உப்பு, மஞ்சள்பொடி எதுவும் சேர்க்க வேண்டாம். பறவைக்கு வேண்டியது வெறும் தண்ணீர்.

எங்கே வைப்பது

முழு வெயிலில் வைத்தால் சுடும். அடர்ந்த செடிக்கு ஒட்டினாற்போல் வைத்தால் பூனைக்குப் பந்தி வைத்த மாதிரி ஆகிவிடும். குளித்து நனைந்த குருவியால் உடனே உயர எழும்ப முடியாது, பூனை காத்திருப்பதும் அந்த நொடிக்குத்தான். புதரிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, மர நிழலில், முடிந்தால் ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள கல்தூணிலோ திண்டிலோ வையுங்கள். பறந்து ஏறி உட்கார ஒரு கொப்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும், நேர் மேலே இருக்கக் கூடாது. நேர் மேலே கொப்போ கம்பியோ இருந்தால் எச்சம் முழுக்கத் தண்ணீரில்தான் விழும். தென்னைக்கு அடியில் வைத்தால் மட்டை விழுந்து சட்டி உடையும். புள்ளிப்புறாவும் தவிட்டுக்குருவியும் தரையையே விரும்பும். அவற்றுக்கு ஒரு சட்டியைச் சுற்றிலும் திறந்த முற்றத்தில் தரையிலேயே வைக்கலாம்.

கண்ணாடி சன்னல் இருக்கும் வீடென்றால் சட்டி சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் போகட்டும். இடைப்பட்ட தூரத்தில் பறவை வேகமெடுத்து, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜமென்று நம்பி மோதும்.

தோட்டத்தில் சிமென்ட் தொட்டி இருந்தால், அதில் ஒரு தென்னமட்டையைச் சாய்த்துப் போடுங்கள். குடிக்க இறங்கி வழுக்கி விழுந்த மைனாவோ அணிலோ ஏறி வர வேறு வழி இல்லை.

சுத்தம்

இதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. குறைந்த தண்ணீருக்கு மேலேயே ஊற்றி நிறைத்துக்கொண்டு போவார்கள். ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டவைக்கும். சட்டி காய்ந்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். நம் வெக்கைக்கு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே கொட்டி ஊற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். கதம்பை (தேங்காய் மட்டை) நாரை எடுத்து உள்விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று பச்சையாக ஒரு படலம் கையோடு வரும். அது போக வேண்டும்.

இரண்டு சட்டி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது நாள் முழுக்க வெயிலில் கவிழ்ந்து காயட்டும். தினமும் காலையில் மாற்றிப் போட்டால் பாதி நோய் வராது. சிமென்ட் பாத்திரமாக இருந்தால் வாரம் ஒருமுறை, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, வாடை அறவே போகும்வரை அலசிக் காயவைக்கலாம். மண்சட்டிக்கு பிளீச்சிங் வேண்டாம், துளைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அதற்குக் கொதிக்கும் தண்ணீரும் வெயிலும் போதும். பிளீச்சிங் கலக்காமல் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கடலோர ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. காகம் எங்கேயோ பொறுக்கிய மீன்முள்ளையும் காய்ந்த பப்படத்தையும் கொண்டுவந்து சட்டியில் போட்டு ஊறவைக்கும். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் நாறும், அதன்பிறகு சிறு குருவிகள் எட்டிப் பார்க்காது. காகத்தை விரட்டி ஆகாது. அதற்கென்று ஒரு சட்டி திறந்த மதில் மேல், மற்றவற்றுக்கு ஒன்று கொப்புகளுக்கு நடுவில். மதில் மேல் இருப்பதை மத்தியானம் இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

தீனி

மிக்சர், முறுக்கு, பப்படம், கருவாடு. அன்பாகத்தான் வைக்கிறார்கள், ஆனால் அதிலுள்ள உப்பு சிறிய உடம்புக்குத் தாங்காது. கன்னியாகுமரிக் கடல்மேல் பறக்கும் ஆலாவுக்குக் கண்ணுக்கு மேல் உப்பைப் பிரித்து வெளியேற்றும் சுரப்பி உண்டு. தோட்டத்துக் குருவிக்கு அது கிடையாது. முன்னோருக்குப் படைத்து காகத்துக்கு வைக்கும் சோற்றில், காகத்தின் பங்கை மட்டும் உப்பும் குழம்பும் சேராமல் தனியே ஓர் உருண்டையாக எடுத்துவிடலாம். பாலும் ஆகாது, பறவைக்குப் பால்சர்க்கரை செரிக்காது.

பச்சரிசி பறவையின் வயிற்றில் ஊதி வெடித்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையில்லை. குருணையைத் தாராளமாக வைக்கலாம். கவனிக்க வேண்டியது வெந்த சோற்றைத்தான், கோடையில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.

தினை, கம்பு, குருணை கலந்து காலையில் ஒரு கைப்பிடி. பத்துப் பதினைந்து குருவி வரும் வீட்டுக்கு அதுவே போதும். இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தால் அளவு சரி, மிஞ்சினால் நாளைக்குக் குறையுங்கள். மிச்சத்தை அப்படியே விட்டால் இரவு எலி வரும். எலிக்கு மருந்து வைப்பார்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் ஆந்தையும் அதே மருந்தில் சாகும். ஒரு கைப்பிடி அதிகத் தானியத்தில் தொடங்கும் சங்கிலி இது. தட்டைச் சுற்றி எறும்புப் பொடி தூவுவதும் அப்படித்தான், குருவி கொத்துமிடத்தில் விஷம்.

மழைக்காலத்தில் தீனித்தட்டைக் கூரைக்கு அடியில் கொண்டுவாருங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். நனைந்த தானியத்தில் பூக்கும் பூஞ்சை பறவையின் நுரையீரலைப் பாதிக்கும். நிலக்கடலை வைப்பதென்றால் வறுக்காத, உப்பில்லாத புதுக் கடலையை உடைத்து வையுங்கள். பச்சையாகப் பூத்த கடலையைத் தூக்கி எறியுங்கள், அதில் அப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம். கனிந்த ஏத்தன்பழம், பப்பாளி, சக்கை (பலா) சுளை எல்லாம் கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும் பிடித்தவை. சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

இனி, தானியமே தொடாத பறவைகள். குண்டுகரிச்சானுக்கும் தையல்சிட்டுக்கும் பூச்சிதான் சாப்பாடு. தவிட்டுக்குருவிக் கூட்டம் சக்கை மரத்தடியில் இலைக் குப்பையை ஒவ்வொன்றாகப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் இலையை அலகால் தூக்கிப் பக்கவாட்டில் வீசும், அடியில் ஓடுவதைக் கொத்தும், அடுத்த இலைக்குப் போகும். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவிக்கும் இதே குப்பைதான் சோற்றுத்தட்டு. அதைத் தினமும் பெருக்கிக் கூட்டித் தீ வைப்பது இவற்றின் வயிற்றில் அடிப்பது. முற்றத்தைப் பெருக்குங்கள். ஆனால் விளையின் ஒரு மூலையில் இலை விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், பூச்சிமருந்தும் அங்கே வேண்டாம். சிட்டுக்குருவிகூட வளர்ந்தபின்தான் தானியத்துக்கு மாறும், அதன் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது புழுவும் பூச்சியும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கவிடுவதும் வெளிநாட்டுப் பழக்கம்தான். நம் வெக்கையில் அது ஒரே நாளில் புளிக்கும். தேன் கலந்தால் பூஞ்சையும் சேரும். செம்பருத்தியும் தெச்சியும் நாலு வாழையும் இருந்தால் வாழைப்பூ மடலுக்குள் தலையை நுழைத்து அதுவே குடித்துக்கொள்ளும். தேன்சிட்டு பெரும்பாலும் சட்டிக்கு வராது, நனைந்த இலையில் புரண்டு குளிக்கும். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இலைகளையும் நனைத்துவிட்டால் அதற்குப் போதும்.

தவித்துக் கிடக்கும் பறவையைக் கண்டால்

பறவைக்கு வியர்க்காது. வெயில் தாங்காதபோது வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, தொண்டைத்தோல் படபடவெனத் துடிக்க மூச்சு வாங்கும். இந்த நிலையில் தரையில் கிடக்கும் பறவையைக் கண்டதும் எல்லோரும் செய்வது, அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது. மூச்சுக்குழாயின் வாய் அதன் நாக்கின் வேர்ப்பக்கத்தை ஒட்டியே திறந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய், பிழைத்திருக்க வேண்டிய பறவை நம் கையிலேயே போய்விடும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் பழைய துணி விரித்து, மெல்ல எடுத்து வைத்து மூடி, நிழலான சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு சிறிய மூடியில் தண்ணீர் உள்ளே வைத்தால் அதுவே குடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்த வெளியில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பறக்கவில்லையென்றால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்து வளர்க்கத் தொடங்கக் கூடாது, கிளியாக இருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையில் தத்தித் திரியும் குஞ்சு தொலைந்துபோன குஞ்சல்ல, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்துக் கொப்பில்தான் இருக்கும். பூனை வந்தால் மட்டும் குஞ்சைத் தூக்கி அருகிலுள்ள செடியில் உயரமாக உட்காரவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதில் உண்மையில்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று பறவைகள் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். சட்டியையும் தட்டையும் கழுவிக் கவிழ்த்து, இரண்டு வாரத்துக்குத் தண்ணீரும் தீனியும் வைக்காதீர்கள். கூடிக் குடிக்கும் இடம் இல்லாமல் போனால், பறவைகள் கலைந்து நோயும் பரவாமல் நிற்கும்.