பழைய சுவிட்ச் போர்டில் யு.எஸ்.பி. சார்ஜர் பொருத்துவது எப்படி? மெயினை அணைத்தால் மட்டும் போதாது

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி போர்ஷனை, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாதக் கணக்கில் வாடகைக்கு விடுகிறோம். போன மார்ச்சில் வங்காளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. அறையில் இருப்பது ஒரே ஒரு 6 ஆம்பியர் பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் மூன்று போன் சார்ஜர், கூடவே இண்டக்‌ஷன் அடுப்பு. வாடகை வாங்கப் போனபோது அந்தப் பாக்ஸைத் தொட்டேன், சுட்டது. 1800 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. அடுப்பை அன்றே சமையலறையில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றச் சொன்னேன். போன்களுக்குச் சுவரிலேயே யு.எஸ்.பி. பொருத்திக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்ன வாங்குவது

முதலில் உங்கள் போர்டில் டம்மி, அதாவது காலி இடத்தை அடைக்கும் வெறும் மூடி, இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது 8 மாடுல் பிளேட் (ஒரு சுவிட்ச் பிடிக்கும் அகலம்தான் ஒரு மாடுல்): ஃபேன், லைட், நைட் லேம்ப் என்று மூன்று சுவிட்ச், ஒரு ரெகுலேட்டர், இரண்டு மாடுல் அகலத்தில் பிளக், அதற்கு ஒரு சுவிட்ச், கடைசியில் ஒரு டம்மி. அந்த டம்மியைக் கழற்றிய இடத்தில் ஒரு மாடுல் யு.எஸ்.பி. சரியாக உட்காரும். பிளக்கையே எடுத்துவிட்டு யு.எஸ்.பி. போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். இஸ்திரிப் பெட்டிக்கோ மிக்சிக்கோ அந்த ஓட்டை என்றைக்காவது வேண்டும்.

கடையில் போய் நின்றதும், "எந்தக் கம்பெனி பிளேட் தம்பி?" என்றுதான் அண்ணன் கேட்டார். ஒரு கம்பெனி மாடுல் இன்னொரு கம்பெனி பிளேட்டில் பெரும்பாலும் பிடிக்காது. பிளேட்டை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வெறும் 5 வோல்ட், 2.1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் மொத்தமே பத்து வாட் சொச்சம்தான். இரண்டு போர்ட் இருந்தால் அதையே பங்கு போடும். ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பவருக்கு அது போதும். அவசரத்துக்குச் சார்ஜ் ஏற்றுபவர் 20 வாட் டைப்-சி வாங்கட்டும். பெயர் இல்லாத மலிவுச் சரக்கு வேண்டவே வேண்டாம். மேயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. சுவருக்குள் மூடிய பெட்டியில் இருந்துகொண்டு 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் சாமான் அது.

கருவி என்று பார்த்தால் டாபரியா கம்பெனி டெஸ்டர் (கரண்ட் இருந்தால் விளக்கு எரியும்), சின்னத் திருப்புளி, ஒயர் ஸ்ட்ரிப்பர், அரை மீட்டர் 1 எம்.எம். செம்பு ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும். பல்லால் ஒயர் தோலை உரிக்காதீர்கள். நாலு இழை கையோடு அறுந்து வரும்.

கரண்ட்டை நிறுத்துவது

இங்கேதான் நான் மாட்டினேன். மெயினை இறக்கினேன். பிளக்கின் ஓட்டையில் டெஸ்டரை விட்டேன், எரியவில்லை. தைரியமாக மேல் பிளேட்டை நெம்பி எடுத்து, ஃபிரேமின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, போர்டை வெளியே இழுத்தேன். ஃபேன் சுவிட்சின் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவில் நடுவிரல் பட்டது. முழங்கை வரை உதறிவிட்டது. ரப்பர் செருப்பு போட்டிருந்தேன், வலது கை மட்டும்தான் உள்ளே இருந்தது. அதனால் தப்பினேன்.

காரணம் இன்வெர்ட்டர். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்களுக்காகவே இங்கே வீட்டுக்கு வீடு அதை வைத்திருக்கிறோம். ஒரே போர்டுக்குள் இரண்டு லைன் வரும். பிளக் நேரடி லைனில் இருக்கும், ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மெயினை அணைத்த நொடியில் இன்வெர்ட்டர் எழுந்து ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். ஃபேன் சுவிட்ச் அணைந்து கிடந்ததால் எனக்கு அது தெரியவில்லை.

இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் ஆகாது. மெயின் இருக்கும்போது பல இன்வெர்ட்டர்கள், முன்பக்கச் சுவிட்ச் அணைந்திருந்தாலும், வருகிற கரண்ட்டை அப்படியே உள்ளே விட்டுவிடும். அதனால் முதலில் மெயினை இறக்குங்கள், பிறகு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, மெயின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். "இன்றைக்கு ஷட் டவுன்தானே" என்று மெயினை இறக்காமல் கை வைக்கவே கூடாது. அறிவித்த நேரத்துக்கு முன்பே கரண்ட் வரலாம்.

அதன்பிறகு போர்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், பிளக்கோடு நிறுத்தாதீர்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மெயினை இறக்குவதற்கு முன்பே, கரண்ட் இருக்கும் ஒரு பாயிண்ட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு

ஒயரைத் தொடும் முன் போனில் இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். யு.எஸ்.பி. மாடுலின் பின்னால் எல் (ஃபேஸ், கரண்ட் வரும் முனை), என் (நியூட்ரல், கரண்ட் திரும்பும் முனை) என்று இரண்டே முனைதான் இருக்கும், எர்த் கிடையாது. பிளக்கின் பின்னாலும் அதே எழுத்துகள் இருக்கும். எழுத்தைப் பார்த்துதான் இணைக்க வேண்டும். முன்பக்கம் வலதில் இருக்கும் ஃபேஸ், பின்பக்கம் திருப்பினால் இடதில் இருக்கும்.

பிளக்கின் எல் முனையிலிருந்து சிவப்பு ஒயரை யு.எஸ்.பி. எல்லுக்கும், பிளக்கின் என் முனையிலிருந்து கறுப்பு ஒயரை யு.எஸ்.பி. என்னுக்கும் கொண்டுபோங்கள். பிளக் சுவிட்சைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து அணையும். ரெகுலேட்டரிலிருந்து வரும் ஒயரில் மட்டும் எடுக்கவே கூடாது.

ஒரே முனைக்குள் இரண்டு ஒயர் போகிறது. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தோலை உரித்து, இரண்டு செம்பையும் சேர்த்து முறுக்கி உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஒன்று ஆடினாலும் கழற்றி மறுபடியும் போடுங்கள். லூஸ் இணைப்புதான் பிறகு கருகும்.

மூடும்போது போர்டு உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். யு.எஸ்.பி. மாடுலுக்கு உடம்பு நீளம். சுவருக்குள் பதித்திருக்கும் எங்கள் ஜி.ஐ. (இரும்புத் தகடு) பெட்டியின் மூலையில், கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் போர்டு லேசாக உட்கார்ந்தது.

பின்சேர்க்கை 1: ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், யு.எஸ்.பி.யில் போனைச் செருகினாலே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது என்று எழுதியிருந்தார். ஃபேஸைப் பிளக்கிலிருந்து எடுத்தவர், நியூட்ரலை மட்டும் பக்கத்தில் இருந்த இன்வெர்ட்டர் லைன் கறுப்பிலிருந்து எடுத்திருந்தார். போன கரண்ட் அதே வழியில் திரும்பவில்லை என்றால் ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே பிளக்கிலிருந்து எடுத்ததும் நின்றுவிட்டது.

பின்சேர்க்கை 2: சுவிட்சை அணைத்த பிறகும் யு.எஸ்.பி.யில் இருக்கும் சின்ன விளக்கு மங்கலாக எரிகிறது என்று காட்பாடியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். பிளக் சுவிட்ச், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை அறுக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அப்படித்தான் இருந்தது. அதாவது, சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்தப் பிளக்கில் கரண்ட் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. வீடு முழுக்க இப்படி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எல்லாப் போர்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டம்மி இல்லாத 3 மாடுல் போர்டுக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன். சுவரை உடைத்துப் பெட்டியை மாற்றுவது, புது லைன் இழுப்பது எல்லாம் எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.