முந்நூற்றெட்டு மில்லிமீட்டரில் ஒரு பால்மரக்காடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் தச்சு வேலை பார்த்தவன் நான். மோடல் ரயில் பைத்தியம் பிடித்தது பென்ஷனுக்குப் பிறகுதான். ஆனாலும் கை முதலில் பலகையைத்தான் தேடும். அதனால் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செய்யப்போவது டி-டிராக் என்ற மோடல் ரயில் முறைக்கான பெட்டி, அதன்மேல் ஒரு பால்மரக்காடு (ரப்பர்த் தோட்டம்). இப்படிப் பல பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்துக் கோர்த்தால் முழுப் பாதை கிடைத்துவிடும். ஒரு பெட்டி 308 மில்லிமீட்டர் நீளம், 210 ஆழம். அதன்மேல் வரும் தண்டவாளம் ஜப்பானின் 'காட்டோ' (Kato) கம்பெனியுடையது; 248 மில்லிமீட்டர் துண்டும் 62 மில்லிமீட்டர் துண்டும் சேர்ந்து 310. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். 'சந்து எதற்கு?' என்று என் முதல் பெட்டியை 310-க்கே அறுத்தேன். மழைக்காலத்தில் ஓரப்பலகை உப்பிக்கொண்டது. பெட்டிகள் முட்டிக்கொண்டு நின்றனவே தவிர, தண்டவாளம் கோர்க்கவில்லை. பிளைவுட்டுக்கு அடிப்பக்கம், வெட்டிய விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடுங்கள். நான்கு மூலையிலும் திருகிக் கூட்டிக்குறைக்கிற மாதிரி போல்ட் கால். உயரம் 70-லிருந்து 100-க்குள்.

மின்கம்பி எளிது. பெட்டியில் இரண்டு பாதை ஓடும்; முன்னாலிருந்து அவற்றின் நான்கு தண்டவாளக் கம்பிக்கும் நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்று ஒயர் நிறம். ஜல்லி ஒட்டும்போது மட்டும் யூனிஜாயினருக்குள் (தண்டவாளத் துண்டுகளைக் கோர்க்கிற இணைப்பு) பசை போகாமல் பாருங்கள். மரம் நடும் முன் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நம் கேடிஎம் (மலேசிய ரயில்) பாதை ஒரு மீட்டர் அகலம். இந்த மோடல் நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு; அந்த 1:160 கணக்குக்கு ஆறேகால் மில்லிமீட்டர் வர வேண்டும். இந்தத் தண்டவாளம் ஒன்பது. விட்டுத்தள்ளுங்கள். எங்கள் ஊரில் அதை யாரும் அளக்கப் போவதில்லை. ஆனால் மரம் கோணலாக நின்றால், பால் வெட்டிய பாட்டி ஒருத்தி தூரத்திலேயே பார்த்துச் சிரித்துவிடுவாள்.

ஆகவே நிரையை நூல் பிடித்துப் போடுங்கள். இருபதடிக்குப் பத்தடி நடவு என்று வைத்துக்கொண்டால் நிரைக்கு நிரை 38 மில்லிமீட்டர், மரத்துக்கு மரம் 19. பாதைக்குப் பின்னால் மூன்று நிரை, நிரைக்கு 16, மொத்தம் 48 மரம். கடையில் விற்கிற குட்டை மரம் வேண்டாம். முதிர்ந்த பால்மரம் இருபது மீட்டர் போகும். இங்கே 125 மில்லிமீட்டர். தண்டுக்குத் தென்னை ஈர்க்கின் அடிப்பாகத்தை மிஞ்ச ஒன்றுமில்லை, பருமன் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். (வீட்டம்மாவின் விளக்குமாறு இளைத்துப்போனதற்குக் காரணம் இதுதான்.) பாதி உயரம் வரை மொட்டையாக விட்டு, மேலே பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்சுத் தூள். தழைகள் ஒன்றோடொன்று உரச வேண்டும். அடியில் வெயில் விழாத தரை, அதனால் மண்ணை இருட்டாகவே அடியுங்கள். மேலே பொடித்த சருகு. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை; மைதாப் பசை என்றால் ஒரே வாரத்தில் கரப்பான் குடிவந்துவிடும்.

தண்டில் பால் வெட்டிய கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியும், ஏறத்தாழ முப்பது பாகை. மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பு. மங்குக்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) கடுகை ஒட்டிப் பார்த்தேன், மரத்துக்கு மரம் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கெட்டிப் பெயிண்டில் ஒரு புள்ளி போதும்.

பாதையை ஒட்டிய நிரையை முதலில் நட்டு, பின்னுக்கு வாருங்கள். மூன்று நிரையிலும் நேருக்கு நேராக நான்கு நான்கு மரத்தை ஒட்டாமல், துளையில் செருகி மட்டும் வையுங்கள். பெட்டிகளை வட்டமாகக் கோர்த்தால் ஓட்டுகிறவர் உள்ளே, காட்டுப் பக்கம்தான் நிற்பார். வண்டி கவிழ்ந்தால் கை நுழைக்க அவருக்கு வழி வேண்டும்.