சிரிக்க வைத்த அப்பத்தாவை நினைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் அப்பத்தா இறந்த மறுநாள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பின்னால் மேகம், உடம்பில் அவர் கட்டியே இராத நீலப் பட்டு. விழுந்துபோன முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. தோளில் இடிக்கிற தண்டட்டியும் அதைத் தாங்கித் தொங்கிய காதும் காணாமல் போயிருந்தன. துக்கத்துக்கு வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, "இது யாருப்பா?" என்று கேட்டார். அழகாக்கிக் கொடுத்தவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் சுவரில் மாட்டப் படம் தேர்ந்தெடுக்கும்போது பல்லில்லாத அந்தச் சிரிப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள். வாய் நிறைய வெற்றிலையோடு, கண்ணை இடுக்கிச் சிரிக்கும் மங்கலான படம் ஒன்று யாருடைய போனிலாவது இருக்கும். அதையே மாட்டுங்கள்.

படத்துக்குச் செய்வதையேதான் பேச்சிலும் செய்கிறோம். "அன்பே உருவானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்று எல்லோருக்கும் பொருந்துகிற வாசகம் வந்துவிடும். அப்பத்தா அதிர்ந்துதான் பேசுவார். பெரியப்பா வரப்புத் தகராறைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் காது மிஷினைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். அவர் பேசி முடித்து எழுந்து போனதும் மறுபடி மாட்டிக்கொள்வார். இறந்த மனிதரைச் சாமியாக்கினால் மரியாதை கூடுவதுபோல் தோன்றும். ஆனால் பத்து வருஷம் கழித்து, அவரைப் பார்த்தே இராத கொள்ளுப்பேரன் "எப்படி இருப்பாங்க?" என்று கேட்கும்போது, அந்தச் சாமியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது. சுருக்குப்பை முடிச்சைச் சொன்னால் அவன் அப்பத்தாவைப் பார்த்துவிடுவான்.

அடுத்த தவறைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நகைச்சுவையைச் சுருக்கிச் சொல்வது. பதினாறாம் நாள் காரியத்தில் ஒருவர் எழுந்து, "அம்மா நல்ல தமாசாகப் பேசுவார்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் சிரிக்கவில்லை. பிறகு, அத்தையைப் பெண் பார்க்க வந்த கதையைச் சித்தப்பா முழுசாகச் சொன்னார். வந்தவர்கள் மூன்று தட்டு பஜ்ஜியைக் காலி செய்துவிட்டு, பிடி கொடுக்காமல், "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று எழுந்தார்களாம். வீடே வாயடைத்து நிற்க, திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் வந்ததாம்: "பொண்ணப் பத்திப் பெறகு எழுதுங்க. பஜ்ஜி எப்புடி இருந்துச்சுன்னு மட்டும் இப்பச் சொல்லிட்டுப் போங்க." பந்தலே சிரித்தது.

அந்தக் கதையில் மூன்று தட்டு வேண்டும், கடுதாசி வேண்டும், வீடு வாயடைத்து நின்ற நொடியும் வேண்டும். ஒன்றை எடுத்தாலும் பேச்சு சப்பென்று ஆகிவிடும். அதனால் எழுதி வைக்கும்போது அவர் சொன்ன வரியை மட்டும் எழுதாதீர்கள். யார் யார் இருந்தார்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே உட்கார்ந்து சொன்னார் என்பதையும் எழுதுங்கள். "கடுதாசி"யைக் கடிதம் என்றும் "பெறகு" என்பதைப் பிறகு என்றும் திருத்தவே கூடாது. பேச்சு போனால் ஆளும் போய்விடுவார். பெர்சிவல் பாதிரியார் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். ஊர்ப் பழமொழிகளை இப்படிப் பலர் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். ஆனால் சேற்றோடு வந்து நின்ற என்னிடம், "காக்காய்க்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், அதுக்காகக் குளிக்காம வந்து நிக்காதடா" என்று அப்பத்தா ஒட்டுப்போட்ட வாலை எந்தத் தொகுப்பிலும் தேட முடியாது. அது வீட்டு ஆட்களின் வேலை. ஒரு நோட்டு வாங்கி நடுவீட்டில் வையுங்கள். காரியத்துக்குச் சொந்தபந்தம் கூடும் நாட்களில்தான் கதைகள் தானாக வரும். மூத்தவர்களை அப்போதே கேட்டுவிடுங்கள்.

துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். பேரன் பேத்தி எடுத்து நிறைந்த வயதில் போனவரைக் கல்யாணச் சாவு என்று சொல்லி, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, கொட்டும் வெடியுமாக அனுப்பி வைக்கிற ஊர் நம்முடையது. சிரிப்பு நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இருக்கிறது. கணவனையோ மனைவியையோ இழந்து சில மாதங்களே ஆனவர்களிடம் பேசிப் பார்த்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது மனம்விட்டுச் சிரிக்க முடிந்தவர்களுக்கு மனவேதனை குறைவாக இருந்ததைக் கண்டார்கள். அதற்காக, சிரிக்க முடியாதவரை வற்புறுத்தக்கூடாது. எங்கள் சின்ன அத்தை பல மாதம் இந்தக் கதைகள் தொடங்கினாலே எழுந்து போய்விடுவார். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

குரலைத் தொலைப்பது திருத்தவே முடியாத தவறு. வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் நோட்டுகளை பேக்கப் எடுக்காமல் போனை மாற்றினால் அவ்வளவுதான். அவருடைய போனை அழித்து வேறு யாருக்கும் கொடுக்குமுன் உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். பயன்படுத்தாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாளில் நீக்கப்படும், எனவே தள்ளிப்போட வேண்டாம். பரணில் பழைய கல்யாண வீடியோ கேசட் இருந்தால் பூஞ்சை பிடிக்குமுன் டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டே யாரையோ கிண்டலடிக்கும் நாற்பது வயது அப்பத்தா அதில் இருக்கக்கூடும்.

சின்னப் பிள்ளைகளிடம் "தூங்குறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும், சில வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று சொல்லிவிட்டு, அவர் கதை ஒன்றையும் சொல்லுங்கள்.

அப்புறம், கிண்டல் எல்லாமே இனித்ததில்லை. எங்கள் அம்மாவின் குழம்பைப் பற்றி அப்பத்தா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் அம்மாவைச் சுடுகிறது. அதை நாங்கள் கூட்டத்தில் சொல்வதில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அம்மாவின் உரிமை. பட்டப்பெயர்களுக்கும் இதுவே முறை, பெயரைச் சுமந்தவர் சொன்னால்தான் சரி.

படையலிலும் வழக்கம் என்று அவர் தொடாத பண்டத்தை மட்டும் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குச் சாத்தூர் காரச்சேவும் பன்னீர் சோடாவும் இலையில் இருக்கும், பஜ்ஜியும் போடுவோம். அத்தை வீட்டு மாமா எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பார் என்று அவருக்கு அப்பத்தா வைத்த பெயர் "பன்னெண்டு மணி பஸ்". போன வருஷம் இலை போட்டுக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்துக்கு முன்னால் போய் நின்று, "பன்னெண்டு மணி பஸ் வந்திருச்சு அத்தை" என்றார். சின்ன அத்தை அன்றைக்கு எழுந்து போகவில்லை.