பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வீட்டுக்காரர் 17 வருஷ சர்வீஸ் முடித்து வந்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அப்பாடா, ஒரு வழியா சொந்த ஊருக்கு வந்து சேர்ந்துட்டீங்க." அவருக்கு அது சொந்த ஊர், சரி. நான் கல்யாணமான புதிதில் அங்கே ஆறு மாதம் இருந்ததோடு சரி. பிள்ளைகளுக்கோ அது லீவுக்கு வந்துபோகும் அப்பத்தா ஊர், அவ்வளவுதான். இதை வீட்டில் யாருமே வாய்விட்டுப் பேசவில்லை. நாங்கள் செய்த முதல் தவறு அதுதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை.

வந்து இரண்டாவது வாரம் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மில்லில் சங்கு ஊதியது. தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த சின்னவன் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றான். கன்டோன்மென்டில், அதாவது பட்டாளக் குடியிருப்பில், கொடி இறக்கும்போது பிகில் கேட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும், பிறந்ததிலிருந்து அவனுக்கு அதுதான் பழக்கம். கூட இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "எல்லாம் பழகிடும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழகத்தான் செய்தது, ஆனால் ஊருக்கு வருமுன்பே உட்கார வைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று, தமிழ். வடக்கே படித்த பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், எழுதத் தெரியாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ கொண்டுவந்து சேர்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாதீர்கள். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே தினமும் அரை மணி நேரம் எழுத வையுங்கள். பக்கத்தில் கேந்திரிய வித்யாலயா இருந்தால் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை வகையிலேயே இடம் உண்டு, ஆனால் எங்களைப்போலச் சின்ன ஊருக்கு வருகிறவர்களில் பலருக்கு அது 40, 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தினமும் அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்புவதா என்பதை ஊருக்கு வந்தபிறகு யோசிக்கக் கூடாது.

அடுத்தது பணம். இதில்தான் நிறையப் பேர் அடிபடுகிறார்கள். ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருஷ சர்வீஸ் போதும், அதனால் வீட்டுக்கு வரும்போது வயது நாற்பதைக்கூடத் தொட்டிருக்காது. கிராஜுவிட்டி, குரூப் இன்சூரன்ஸ், கம்யூடேஷன் என்று மொத்தமாக ஒரு தொகை கையில் வரும். கம்யூடேஷன் என்பது இனாம் இல்லை, நம் பென்ஷனில் பாதி வரை முன்கூட்டியே விற்று வாங்குகிற பணம். விற்ற பங்கு 15 வருஷம் கழித்துத்தான் திரும்ப வரும். அதுவரை மாதா மாதம் குறைந்த பென்ஷன்தான், அந்த 15 வருஷத்துக்குள்தான் பிள்ளைகளின் காலேஜ், கல்யாணம் எல்லாம் வரும். வந்த கையோடு அத்தனையும் போட்டு இரண்டு மாடி வீடு கட்டிவிட்டு, மறுவருஷமே பன்னிரண்டு மணி நேர செக்யூரிட்டி வேலைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் வாடகை வீட்டில் இருங்கள். ஊர் என்ன சொன்னாலும் இருங்கள்.

கட்டுவதாக இருந்தாலும் அப்பா பெயரில் பாகம் பிரிக்காமல் கிடக்கும் இடத்தில் கட்டாதீர்கள். இத்தனை வருஷம் மணியார்டர் அனுப்பியது உண்மைதான், ஆனால் அந்த நிலத்தையும் வயசான பெற்றோரையும் பார்த்துக்கொண்டது ஊரிலிருந்த தம்பி. அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். முதலில் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டு, அப்புறம் அஸ்திவாரம் தோண்டுங்கள்.

மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் இருப்போம். அந்தத் திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக் எங்கே இருக்கிறது, அங்கிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் செய்வார்கள் என்று ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிடுங்கள், காய்ச்சல் வந்தபிறகு இல்லை, சும்மா இருக்கும்போதே. ராத்திரி நேரத்தில் நெஞ்சுவலி என்று பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அங்கே பணத்தை நாம்தான் கட்ட வேண்டும், பிறகுதான் கேட்டு வாங்க முடியும், அதுவும் இ.சி.எச்.எஸ். விகிதப்படிதான். வீட்டிலே இதற்கென்று கொஞ்சம் பணம் தனியாக இருக்கட்டும்.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டும் லைஃப் சர்டிபிகேட்டிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளம் வழியாகப் பென்ஷன் வாங்குகிறவர், ஜீவன் பிரமாண் என்ற ஆன்லைன் லைஃப் சர்டிபிகேட் முறையில் பதியும்போது, பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழைய ஞாபகத்தில் பேங்க் பெயரைப் போட்டுவிடுகிறார். அங்கே ஸ்பர்ஷ் பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் தம்பிக்கு இது தெரிந்திருக்காது, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அக்கம்பக்கம் பற்றி. குவார்ட்டர்ஸில் எல்லோருமே போஸ்டிங்கில் வந்தவர்கள், இரண்டு நாளில் சிநேகமாகிவிடுவோம். இங்கே மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் நடுவில் நாம் மட்டும் புதுசு. பழக்கதோஷத்தில் நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன், "மிலிட்டரிக்காரர் வீட்டுல ரொம்பத்தான் மிதப்பு" என்று பேச்சு வந்தது. யார் வீட்டில் துக்கம் என்றாலும் போய் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வரத் தொடங்கிய பிறகுதான் மனிதர்கள் என்னிடம் பேசினார்கள். கேன்டீன் சரக்கு கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள், தவிர அது வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாத பொருள்.

இனி சொல்வது ஆண்களுக்கு. வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவும் கொஞ்சம் கேஷுவல் லீவுமாக வந்துபோன மனிதர் நீங்கள். குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாத பீல்டு போஸ்டிங்கில் இருந்த வருஷங்களில் ஃபீஸ் கட்டியது, பிள்ளைக்கு அம்மை போட்டபோது விழித்திருந்தது எல்லாம் அவள். வீட்டுக்கு ஒரு நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பி ஆர்டர் போட ஆரம்பித்தால் பிள்ளைகள் எதுவும் சொல்லாமல் அம்மா பின்னால் போய் நின்றுகொள்வார்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் அப்படித்தான் நடந்தது. அப்புறம் அவராகவே ஒரு நாள் மகளிடம், "உனக்கு சைக்கிள்ல டியூஷனுக்குத் துணைக்கு வரட்டுமா?" என்று கேட்டார். அந்தப் போகவர நாலு கிலோமீட்டரில்தான் இரண்டு பேரும் பழகினார்கள். உத்தரவு போட்டிருந்தால் அது நடந்திருக்காது.

கடைசியாக, பெயர். என் ஆதாரில் அப்பா இனிஷியல், படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் வேறு எழுத்துக்கூட்டல். சர்வீஸில் இருக்கும்போதே யூனிட் மூலமாகப் பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) சரிசெய்வது சுலபம், வெளியே வந்தபிறகு அஃபிடவிட், கடிதம், காத்திருப்பு என்று நீளும். மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு), ஆதார் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், ஏனென்றால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேமிலி பென்ஷனுக்கு அலையப் போவது நாம்தான். எங்கள் வீட்டில் இப்போது எல்லாக் காகிதமும் ஒரு நீல ஃபைலில் இருக்கிறது. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மகளுக்கும் தெரியும்.