காற்று ஏன் தள்ளுகிறது? ஒரு சிரிஞ்சும் பலூனும் போதும்

வேலூரில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு பலூன், ஒரு கண்ணாடி பாட்டில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். இவ்வளவுதான்.

படி 1: சிரிஞ்சுத் தண்டை 20 வரை இழுத்து, முனையைக் கட்டைவிரலால் இறுக அடைத்து, அழுத்துங்கள். 10-ஐ நெருங்கும்போது உள்ளங்கை வலிக்கும். விட்டால் தண்டு தானாகவே பின்னால் வரும்.

அதைத் தள்ளியது யார்? அறை வெப்பத்தில் நைட்ரஜன் மூலக்கூறுகள் வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் பறக்கின்றன. சுவரில் மோதித் திரும்புகின்றன. அந்த மோதல்களின் மொத்தம்தான் அழுத்தம். இடம் பாதியானால் மோதல் இருமடங்கு, அழுத்தமும் இருமடங்கு. 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட இந்த விதிக்கு, 1738-இல் டேனியல் பெர்னௌலி துகள்களின் ஓட்டத்தைக் காரணமாகக் காட்டினார்.

படி 2: சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி அழுத்துங்கள். அசையாது. நீரில் துகள்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. காற்றிலோ இடைவெளி, துகளின் அளவைப்போல் பத்து மடங்கு.

படி 3: பாட்டில் வாயில் பலூனை மாட்டி, வெந்நீரில் நிறுத்துங்கள். பலூன் எழும். கத்திரி வெயில் நாளென்றால் வெந்நீரே வேண்டாம். விடியற்காலையில் மாட்டி மொட்டை மாடியில் வையுங்கள், மதியத்துக்குள் மெல்ல நிமிர்ந்திருக்கும்.

‘சூடான காற்று மேலே போகிறது, அதனால் எழுகிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டிலைப் படுக்க வைத்து அதன் மேல் வெந்நீர் ஊற்றுங்கள். அப்போதும் பலூன் உப்பும். துகள்கள் பருப்பதும் இல்லை. வேகம்தான் கூடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. காற்றை அடைத்து இறுக மூடிய பாட்டில் காலையில் 27 டிகிரி, மதியம் 42 டிகிரி. கெல்வின் அளவில், அதாவது 273 கூட்டினால், 300, 315. அழுத்தமும் அதே விகிதத்தில் 5 சதவீதம் கூடும். துகளின் வேகமோ ஏறக்குறைய இரண்டரை சதவீதமே கூடும். மீதி எங்கிருந்து வந்தது? வேகமான துகள் இரண்டரை சதவீதம் பலமாகவும் அடிக்கிறது, இரண்டரை சதவீதம் அடிக்கடியும் அடிக்கிறது. இரண்டும் சேர்ந்தே அந்த ஐந்து.

படி 4: வெந்நீரை ஊற்றிக் கொட்டிய சூடான பாட்டிலில் உடனே பலூனை மாட்டி ஆறவிடுங்கள். பலூன் பாட்டிலுக்குள் போய்விடும். உள்ளிருந்து எதுவும் அதை இழுப்பதில்லை. உள்ளே மோதல் தளர்ந்துவிட்டது. வெளிக்காற்று தளராமல் அடித்துத் தள்ளுகிறது.